பதினோரு சொற்கள் ஒட்டிய கதவு

கைப்பிடி முழுச்சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. ஆறுச்சாமி இடப்பக்கமாகச் சுற்றிப் பார்த்தார். அப்படியும் சுற்றியது. உள்ளே எதுவும் எதையும் பிடிக்கவில்லை. நடுவில் ஒரு சின்னப் பொத்தான், அமுக்கினால் க்ளிக் என்கிறது, அவ்வளவுதான். ஆயிரத்து இருநூறு பேரோடு போய்ப் பூட்டின மில் கேட்டைத் தோளால் தள்ளித் திறந்த ஆள், எழுபத்தாறு வயதில், மகள் வீட்டுக் குளியலறையின் பிளாஸ்டிக் கதவுக்குப் பின்னால் ஈர வேட்டியோடு நிற்கிறார். சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. கூப்பிட்டால் முடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கூடத்தில்தான் மாப்பிள்ளை சபரிநாதன் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார். வேறு யாரும் வீட்டில் இல்லை. மகள் மணி வேலைக்கும் பேத்தி யாழினி பள்ளிக்கும் போயாயிற்று. மாப்ள, கொஞ்சம் கதவைத் திறந்து விடுங்க. இதுதான் வாக்கியம். ஆனால் அந்தக் 'கொஞ்சம்' எதற்கு? கதவைப் பாதி திறந்தால் போதுமா? அது குனிந்துகொண்டு வருகிற சொல். எடுத்துவிடலாம். கதவைத் திறந்து விடுங்க. இப்போது அடைத்து வைத்தவனிடம் கைதி பேசுவது போல இருக்கிறது. கதவைத் திறங்க என்றால் அதட்டல். அடுத்தவர் வீட்டில் இருந்துகொண்டு அதட்ட முடியாது. அடுத்தவர் வீடா இது? மூன்று வருடமாகச் சாப்பிடுகிற வீடு. தொண்டையைச் செருமினார். சுவருக்கு அப்பால் மாப்பிள்ளையின் குரல், வெதுவெதுப்பாக, வேலைக்கென்று வைத்திருக்கும் குரலில், "எல்லாருக்கும் வணக்கமுங்க, சத்தம் தெளிவா வருதுங்களா?" என்றது. நேரம் பத்தே முக்கால் இருக்கும். செருமலின் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

சத்தம் கூடாது என்பது ஒப்பந்தம். ஒப்பந்தம் என்று இவர்தான் சொல்லிக்கொள்கிறார், மணி அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. மாப்பிள்ளை ஒரு நூற்பாலையில் ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. பார்த்துக்கொள்வது என்றால் எடுப்பதும் தள்ளுவதும். போன மாதம் இதே மேஜையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் பதினாலு தொழிலாளர்களை வரிசையாக வைத்துக்கொண்டு, கம்பெனியின் நிலைமையை முன்னிட்டுத் தாங்களாகவே விலகிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம் என்று வாசித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொள்கிறோமாம். கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்கு இந்தக் காலத்தில் வைத்திருக்கும் பெயர். ஆறுச்சாமி வெறும் பனியனோடு படத்துக்குள் போய் நின்று, "தோழர்களே, யாரும் கையெழுத்துப் போடாதீங்க" என்றார். பதினாலு சின்னக் கட்டங்கள், பதினாலு முகங்கள். அதில் ஒருத்தன் சிரித்தான். மேலதிகாரி சிரித்திருந்தால் துடைத்துப் போட்டிருப்பார், ஐம்பது வருடமாகத் துடைத்தவர்தான். சிரித்தது தொழிலாளி. சிரித்துவிட்டுக் கையெழுத்தும் போட்டான். மாப்பிள்ளைக்கு மெமோ வந்தது. சாயங்காலம் மணி பையைக்கூட இறக்கி வைக்காமல் எதிரில் வந்து நின்றாள். புரட்சிமணி என்று இவர் வைத்த பெயரில் முன்பாதியை வெட்டி ஆபீஸுக்கு வெளியே எறிந்துவிட்டு மணியானவள். "அப்பா, இன்னொரு தடவை இப்பிடி ஆச்சுன்னா நீங்க ஓசூருக்குப் போயிருங்க. அண்ணன் வெச்சுக்கட்டும். நான் உத்தரவு போடலை. கேட்டுக்கறேன்." அவளுக்கும் அதே சொல்தான். இவர் தலையாட்டினார். ஓசூரில் மகன் வீடு ஒன்பதாவது மாடி. போன தடவை நாலு நாள் இருந்தபோது காலையில் வெளியே பூட்டிக்கொண்டு போனான், பத்திரத்துக்காம். இந்தக் குளியலறை பரவாயில்லை, இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதக் குரலாவது இருக்கிறது.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பினாயில் வாசனை, ஈரச் சுவர், தலைக்கு மேலே கையகலத்துக்கு ஒரு காற்றுச் சன்னல், அதற்கு அப்பால் எல்லா மாடிக் குழாய்களும் இறங்குகிற இருட்டுப் பொந்து. எதிரே கதவு. கதவின் உள்பக்கம் யாழினி ஒட்டி வைத்த மஞ்சள் அட்டை, தண்ணீர் படாமல் மேலே பிளாஸ்டிக் தாள். தினமும் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள் என்று டீச்சர் சொன்னாளாம், யாழினி தான் பல் துலக்குகிற இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். நடுவில் ஆஸ்க் என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்து. அதைச் சுற்றி, சூரியன் படத்தில் கதிர் போடுவதைப் போல, அதற்குப் பதிலாக எழுதத்தக்க பதினோரு சொற்கள். ரிக்வெஸ்ட். டிமாண்ட். பெக். ப்ளீட். அப்பீல். இவர் ஏழாம் வகுப்போடு நின்றவர். படித்ததெல்லாம் துண்டறிக்கையும் சிறு வெளியீடும், சிறையில் இருந்த நாலு மாதத்தில் அட்டை கிழிந்த ஓர் அகராதியும். ஆனாலும் இந்தப் பதினொன்றையும் எவனும் இவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. "தாத்தா, பெக்குக்கும் ப்ளீடுக்கும் என்ன வித்தியாசம்?" என்று ஒரு நாள் கேட்டாள் யாழினி, வாயில் நுரையோடு. "பெக்குன்னா கைய நீட்டறது, ப்ளீட்னா கையக் கூப்பறது. ரெண்டும் நமக்கு வேண்டாம் கண்ணு." "பரீட்சைல வந்தா?" "விட்டுட்டு வந்துரு." அவள் துப்பிவிட்டுச் சிரித்தாள், "அப்ப ரெண்டு மார்க்கு போகுமே, நீங்க குடுப்பீங்களா?" பிழைக்கத் தெரிந்த பிள்ளை. இவர் எழுதிய நோட்டீஸில் வேறு வகையான கணக்கு இருந்தது. முதல் நோட்டீஸில் கோருகிறோம். பதினைந்து நாள் கழித்து வலியுறுத்துகிறோம். அதற்கப்புறம் எச்சரிக்கிறோம். வேண்டுகிறோம் என்பது பொதுமக்களுக்கு மட்டும், ஊர்வலத்துக்கு வழிவிட வேண்டுகிறோம், அதுவும் கடைசி வரியில். நிர்வாகத்தைப் பார்த்து ஒரு தடவைகூட வேண்டியதில்லை. வழக்குப் போடும்போது மனுவின் கடைசிப் பத்திக்கு 'ப்ரேயர்' என்று தலைப்பு இருந்ததைப் பார்த்து வக்கீலிடம் சண்டைக்குப் போனார். கோர்ட் என்ன கோயிலா, நாங்க என்ன மொட்டை போட வந்திருக்கமா. வக்கீல், "அண்ணா, அது அவங்க பாஷை, அந்த வார்த்தையைப் போடலைன்னா மனுவையே வாங்க மாட்டான்" என்று தலையில் கை வைத்தார். அந்தச் சொல்லும் இதோ கதவில் இருக்கிறது, கீழ் மூலையில், ப்ரே, ஒரு நட்சத்திரத்தோடு. பெக் என்பதற்கு யாழினி பச்சை மை போட்டிருக்கிறாள். அந்தப் பச்சையைப் பார்த்தால் பொன்னுரங்கன் ஞாபகம் வருகிறது. அவன் கடிதம் பச்சை மையில் இருந்தது. யாரிடமோ இரவல் வாங்கிய பேனாவாக இருக்கும். 'பாதம் பணிந்த பொன்னுரங்கன்.' தொண்ணூறு நாள் வேலைநிறுத்தத்தில் இவர் நோட்டீஸுக்கு வைத்த தலைப்புகளிலேயே சிறந்தது அதுதான் என்று அப்போது எல்லாரும் சொன்னார்கள். இவரும் அப்படித்தான் நினைத்தார். நினைக்கிறார். பார்வையைப் பச்சையிலிருந்து நகர்த்தினார்.

"அடுத்தது பூங்கோதை. பூங்கோதை இருக்கீங்களா?" என்றது மாப்பிள்ளையின் குரல். "இருக்கறனுங் சார்." ஒரு பெண். இருபத்தைந்து இருக்கலாம், முப்பதும் இருக்கலாம், நூலைக் கூம்பில் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் வேலையாம், சுவர் வழியாக வயது சரியாகத் தெரியவில்லை. "உங்களுக்கு அனுப்புன படிவத்தைப் பாத்தீங்களா? அதுல கையெழுத்துப் போட்டு, போட்டோ புடிச்சுப் பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பீருங்க. பன்னெண்டுக்கு மேல அந்த லிங்க் வேலை செய்யாது." போடாதே என்று ஆறுச்சாமியின் வாய் சத்தமில்லாமல் அசைந்தது. போடாத வரைக்கும் அவர்கள்தான் உன்னை வெளியே அனுப்ப வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், நாலு இடத்தில் பதில் சொல்ல வேண்டும். போட்டுவிட்டால் நீயாகப் போனவள். உன் பேச்சை எந்தச் சங்கமும் எடுக்க முடியாது. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். இங்கிருந்தே கத்தினால் அந்தக் கருவி வழியாக அவளுக்குப் போய்ச் சேரும். ஆனால் கத்தினால் மாப்பிள்ளை எழுந்து வருவார், கதவு திறக்காது, குளியலறைக்குள்ளிருந்து ஒரு கிழவன் போராட்டம் நடத்துகிறான் என்று அத்தனை கட்டங்களும் சிரிக்கும், அதற்கப்புறம் அதே வாயால் என்னை வெளியே எடுங்கள் என்றும் சொல்ல வேண்டும். வலியுறுத்துகிறேன், அதோடு காப்பாற்றுங்கள். இரண்டையும் ஒரே நோட்டீஸில் போட்டவன் எவனும் இல்லை. அப்புறம் ஓசூர். பூட்டு விழுகிற சத்தம். இவர் கைப்பிடியை மறுபடி சுற்றினார், சத்தம் வராமல், திருடனைப் போல. "சார்," என்றது அந்தப் பெண் குரல், "ஒரு மாசம் மட்டும் இருக்க விடுங்க சார். ஏன்னா எங்க..." அந்த நேரம் பார்த்துப் பொந்தின் அடியில் அடுக்ககத்தின் தண்ணீர் மோட்டார் ஓட ஆரம்பித்தது. சுவர் அதிர்ந்தது, குழாய்கள் அதிர்ந்தன, கவிழ்த்த வாளி பின்பக்கம் கூசுகிற மாதிரி அதிர்ந்தது. இவர் எழுந்து காதைச் சுவரில் வைத்தார். டைல்ஸின் குளிர்ச்சி மட்டும் காதில் ஏறியது. இதற்குப் பெயர் ப்ளீட். இல்லை, இன்னும் கீழே, அட்டையில் இம்ப்ளோர் என்று ஒன்று இருக்கிறதே, மன்றாடுவது, அது. அழுகிறாளா? அழுதால் என்ட்ரீட்டா? எதுவாக இருந்தால் என்ன, எதற்காக ஒரு மாதம்? கல்யாணமா, மருத்துவமா, பிள்ளையின் பரீட்சையா? சனியன் பிடித்த மோட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, நாலு நிமிடமோ ஐந்து நிமிடமோ, மேல்தொட்டி நிரம்பி மோட்டார் ஒரு விக்கலோடு நின்றபோது, "அவ்வளவுதாங்க சார், வேற ஒண்ணுமில்லைங்க" என்று அந்தக் குரல் முடித்துக்கொண்டிருந்தது. "சரிங்க, படிவம் அனுப்பீருங்க" என்றார் மாப்பிள்ளை.

முன்பாதி இவரிடம் இருந்தது. கடைசி வரி இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. அச்சில் இதற்கு மூன்று புள்ளி வைப்போம் என்று நினைத்தார், நினைத்தவுடன் எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது, நிற்கத்தான் செய்தார் ஏற்கெனவே. வாளியில் உட்கார்ந்தார். பொன்னுரங்கனை இன்றைக்கு நினைக்கப் போவதில்லை என்று காலையிலேயே, இல்லை, காலையில் அவன் ஞாபகமே இல்லை, எல்லாம் இந்தப் பச்சை மையால் வந்தது. பொன்னுரங்கன் பஞ்சு உதறும் பகுதியில் வேலை பார்த்தவன், ஒல்லி, புருவத்திலெல்லாம் பஞ்சு. வேலைநிறுத்தத்தின் எழுபத்தோராவது நாள். ஊர்வலம் கிளம்புகிற நேரம், சங்கம் வாடகைக்கு எடுத்த வேனில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் ஓடிவந்தான். "தோழர், பொண்டாட்டிக்கு வலி எடுத்துருச்சு. வேன் ஒரு மணி நேரம் வேணும்." கெஞ்சவில்லை. அதை இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியும். சக தோழனிடம் பீடிக்கு நெருப்புக் கேட்கிற குரல். "ஊர்வலம் முடியட்டும் தோழர், மைக் கட்டியாச்சு" என்றார் இவர். தவறான பதிலா அது? ஆயிரத்து இருநூறு பேர் காத்திருந்தார்கள். ஊர்வலம் மூன்று மணி நேரம் போனது, நல்ல ஊர்வலம். பொன்னுரங்கன் மில் பங்களாவுக்குப் போய் மேனேஜருக்கு ஒரு தாள் எழுதி வாட்ச்மேனிடம் கொடுத்தான். ஐயா அவர்களின் பாதம் பணிந்து கேட்டுக்கொள்கிறேன், என் மனைவி இன்று காலை முதல் பிரசவ வலியில் கிடக்கிறாள், சங்கத்து வண்டி கிடைக்கவில்லை, மில் காரை அரை மணி நேரம் தந்தால் உயிர் உள்ளவரை நன்றி மறவேன். கார் வந்தது. நேரம் கடந்துதான் வந்தது. மனைவி பிழைத்தாள், குழந்தை இல்லை. அதெல்லாம் இவருக்கு அப்போது தெரியாது. தெரியும். அடுத்த நாள் காலையிலேயே தெரியும். நாலு நாள் கழித்து ஆபீஸ் குமாஸ்தா ஒருவன், நம் பக்கத்து ஆள்தான், அந்தத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தபோது எல்லாம் தெரிந்துதான் வாசித்தார். ஆட்கள் ஒவ்வொருவராகக் கரைந்துகொண்டிருந்த நேரம். ஒரு துரோகி தேவைப்பட்டான். அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் கேட்டார், "ஆறுச்சாமி, லெட்டர் முழுசையும் கோக்கட்டுமா?" "வேண்டாங்க. கேட்டுக்கொள்கிறேன் வரைக்கும் கோத்துருங்க, அப்புறம் மூணு புள்ளி, அப்புறம் நன்றி மறவேன்." கம்பாசிட்டர் மூன்று புள்ளியைத் தேடி எடுத்தார், ஒவ்வொன்றாக. நோட்டீஸ் பறந்தது. சந்தில் பிள்ளைகள்கூட அவன் பின்னால் பாதம் பாதம் என்று கத்திக்கொண்டு போயின. ஒரு வாரம் கழித்து கேட்டுக்கு வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நாலு பேர் முன்னால் வந்து நின்றார்கள். அவன் நோட்டீஸை விரித்து, விரலை வைத்து, மெதுவாகத்தான் கேட்டான். "தோழர், இந்தப் புள்ளியெல்லாம் எதுக்கு?" "இடம் பத்தலை" என்றார் இவர். அவன் தாளைப் பார்த்தான். கீழே நாலு விரல் வெள்ளையாக இருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனவன், திருப்பூர் பக்கம் போய்விட்டான் என்றார்கள், அப்புறம் செத்துப்போனான் என்றார்கள். இவர் போகவில்லை. நாற்பது வருடமாக அந்தப் 'பாதம் பணிந்து' என்பதைப் பற்றித்தான் தனக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறார். அப்படி எழுதியிருக்கக் கூடாது, ஒரு தொழிலாளி அந்தச் சொல்லைத் தொட்டிருக்கக் கூடாது, எந்தக் கோர்ட்டுக்கு வேண்டுமானாலும் வருகிறேன். அவனோ சொல்லைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. புள்ளியைத்தான் கேட்டான். காற்றுச் சன்னலில் ஒரு புறா வந்து உட்கார்ந்து, இவரைப் பார்த்துவிட்டு, சரியில்லாத இடம் என்பது போல எழுந்து போனது. சுவருக்கு அப்பால் மாப்பிள்ளை அடுத்த பெயரையும் அதற்கடுத்த பெயரையும் முடித்துவிட்டார். "பூங்கோதை, உங்களது மட்டுந்தான் வரலை. பத்து நிமிஷந்தான் இருக்குது." கதவில் பதினோரு சொற்களும் வெயிலில்லாத சூரியனாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் இவரிடம் ஒரு சட்டம் இருந்தது, எதை எவன் யாரிடம் எப்போது சொல்லலாம் என்று. ஒரு மணி நேரமாக அந்தச் சட்டத்தைப் புரட்டிக்கொண்டு வாளியில் உட்கார்ந்திருக்கிறார். கைக்குக் கிடைத்தது பிளாஸ்டிக் மக். அதை எடுத்து, மஞ்சள் அட்டையின் மேலேயே, ஓங்கி ஓங்கி அடித்தார். சொல் எதுவும் வரவில்லை. "மாப்ள" என்பது மட்டும் வந்தது.

நாற்காலி நகர்கிற சத்தம். வெளியிலிருந்து கைப்பிடி மேல்நோக்கி அசைந்தது, ஒரு இழுப்பு, கதவு திறந்துவிட்டது.

"என்னுங்க மாமா இது? எவ்வளவு நேரமா உள்ள நிக்கறீங்க?" சபரிநாதன் மேலே சட்டை, கீழே லுங்கி. "லேசாத் தூக்கித் தள்ளுனா வந்துருமுங்க. ஒரு குரல் குடுத்திருந்தா சொல்லியிருப்பேன்ல."

"அந்தப் பொண்ணு ஒரு மாசம் எதுக்குக் கேட்டா?"

"எந்தப் பொண்ணு?"

"பூங்கோதை."

சபரிநாதன் கூடத்தைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "என்னமோ சொன்னாங்க. குறிச்சுக்கலீங்க மாமா. படிவத்துல அதுக்கு இடமில்லைங்க."

ஆறுச்சாமி கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ சொன்னதை இன்னொரு தடவை சொல்லட்டும் மாப்ள. முழுசா. உங்களைக் கேட்டுக்கறேன். கெஞ்சறேன்னு வெச்சுக்கிட்டாலும் சரி."

சபரிநாதன் அவர் முகத்தையே பார்த்தார். மூன்று வருடத்தில் இந்த மனிதர் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கிக் குடித்ததில்லை. "மாமா, எனக்கு ஏற்கெனவே ஒரு மெமோ இருக்குது. நானும் மேல சொல்லிப் பாத்தேனுங்க, பொம்பளைங்க நாலு பேரையாவது விட்டுருங்கன்னு. பதில்கூட வரலை. மணிக்குத் தெரிஞ்சா..."

"ஓசூருக்குப் போறேன். நாளைக்கே போறேன். நீங்க மணிகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கறேன்."

மேஜையிலிருந்து அந்தக் குரல் வந்தது. "சார், இருக்கீங்களா? கையெழுத்துப் போட்டுட்டனுங். போட்டோ அனுப்பட்டுங்களா?"

ஆறுச்சாமி நடந்தார். ஈரக் கால் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. போன தடவை போலப் படத்துக்குள் போய் நிற்கவில்லை. மேஜைக்குப் பக்கவாட்டில், கேமராக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கையில் மக் இருப்பதைப் பார்த்துக் கீழே வைத்தார்.

"அனுப்பாதே அம்மணி. ஒரு மாசம் எதுக்குன்னு முதல்ல சொல்லு."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு மிக்ஸி ஓடி நின்றது. "யாருங்க பேசறது?"

ஐம்பது வருடம் ஒவ்வொரு நோட்டீஸின் அடியிலும் அச்சிட்ட பெயரும் பதவியும் நாக்கு வரை வந்தன. அவற்றை அங்கேயே விட்டுவிட்டார்.

"இங்க மோட்டார் ஓடுச்சு அம்மணி. நடுவுல நீ சொன்னது எனக்குக் கேக்கலை. அதான்."

சபரிநாதனின் விரல் கம்ப்யூட்டர் மூடியின் மேல் இருந்தது. மூடவில்லை. சுவர்க்கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருந்தது. ஆறுச்சாமி மேஜைமேல் கிடந்த படிவங்களில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. மாப்பிள்ளையின் பேனாவை, ஒரு வார்த்தை கேட்காமல், எடுத்துக்கொண்டார்.

"சொல்லு," என்றார். "இடம் இருக்குது."